கஸ்தூரி அக்காவுக்குப் போன அடுப்பு

இன்று காலை நம் லுத்தரன் கோயில் மதிலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்டருக்கு இன்னும் பத்து நாள். வாளியில் கரைத்த சுண்ணாம்பின் ஈர வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு நீதான் ஞாபகம் வந்தாய். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மீனவர் குப்பத்துப் பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடித்தபடி, கண்ணிமையெல்லாம் வெள்ளைப் புள்ளியாக, "ஏய், நான் கிழவியாயிட்டேன் பாருடி" என்று சிரித்தாயே, அந்த நீ. அப்போது உனக்கு இருபத்திரண்டு வயது. கடைசிவரை நீ கிழவியாகவே இல்லை.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நீ இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. அப்போது எழுதத் துணிவில்லை. இப்போது துணிவு வந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். பதில் வராது என்று தெரிந்த பிறகு எழுதுவதற்குத் துணிவு எதற்கு?

சுனாமிக்கு அடுத்து வந்த லெந்து தவக்காலம் அது. நம் வாலிபர் சங்கம் மூன்று நாள் சேவைப் பயணம் போனது. தாம்பரத்தில் கோயில் வாசலில் வேன் ஏறினோம், நீ செம்பாக்கத்தில் ஏறினாய். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் தாண்டிக் கடற்கரைச் சாலையைப் பிடிக்கும்வரை கிட்டாரும் பாட்டும் கைதட்டலும்தான். நீ நர்சிங் கடைசி வருஷம். மடியில் மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாய். "செத்த வீட்டுக்குப் போறோம், கல்யாண வேன் மாதிரி போறோமே" என்று என் காதில் மட்டும் சொன்னாய். நான் சிரித்துவிட்டு, கைதட்டுவதைத் தொடர்ந்தேன்.

குப்பத்தில் வீடுகள் இருந்த இடத்தில் தார் ஷீட் கொட்டகைகள் வரிசையாக நின்றன. கடைசிக் கொட்டகையில் கஸ்தூரி அக்கா. ஆறு வயது மகளைக் கடலுக்குக் கொடுத்தவர். அலை அடித்த அன்று காலில் பட்ட காயம் ஆறாமல் சீழ் வைத்திருந்தது. நீ தினமும் இரண்டு வேளை போய்க் கட்டுப் போட்டாய். நான் பஞ்சு எடுத்துக் கொடுப்பேன். அவர் நம்மிடம் அதிகம் பேச மாட்டார். காயத்தைத் துடைக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்.

இரண்டாம் நாள் மத்தியானம் சங்கத்துச் செயலாளர் அண்ணன் நம்மை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். சாயங்காலம் ஜெபக் கூட்டம். கூட்டத்துக்கு வந்து உட்காருகிறவர்களுக்கு டோக்கன். டோக்கன் உள்ளவர்களுக்கு மண்ணெண்ணெய் அடுப்பும் பாத்திரங்களும்.

நீதான் எழுந்தாய். "அண்ணா, கூட்டத்துக்கு வராதவங்க சமைச்சுச் சாப்பிட வேணாமா?"

"அவங்களுக்கு அப்புறம் பாத்துக்கலாம்மா. முதல்ல ஆண்டவரைப் பத்தி நாலு வார்த்தை கேக்கட்டும். நாம சும்மா சாமான் இறக்கிட்டுப் போக வந்த லாரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

நீ நேராகக் கஸ்தூரி அக்காவிடம் போனாய். கூட்டத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டாய். அவர் சொன்னது அப்படியே என் காதில் நிற்கிறது. "நான் வரல பாப்பா. கோச்சுக்காத. எம் பொண்ண எட்துகினு போனதுலேர்ந்து எந்த சாமியாண்டயும் நான் பேசறதில்ல. எங்க சாமியாண்டயே பேசறதில்ல, உங்க சாமியாண்ட வந்து இன்னா பேசுவேன்?"

நீ பள்ளிக்கூட அறைக்குத் திரும்பி வந்து, அடுக்கி வைத்திருந்ததில் ஓர் அடுப்பைத் தூக்கினாய். "பாத்திரக் கட்டை நீ எடு" என்றாய். எடுத்தேன். நல்ல வெயில். மணலில் செருப்பு புதையப் புதைய, நீ முன்னாலும் நான் பின்னாலும் நடந்து போய்க் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தோம். திரும்பும்போது, "பயமா இருக்காடி?" என்று கேட்டாய். "இல்ல" என்றேன். நான் உன்னிடம் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் கோயில் பின்னறையில் உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். போதகர், செயலாளர் அண்ணன், மூப்பர்கள் இரண்டு பேர். ஓர் அடுப்பும் ஒரு கட்டுப் பாத்திரமும் குறைகிறது, நீ தூக்கிக்கொண்டு போனதை யாரோ பார்த்திருக்கிறார்கள், எங்கே போனது என்று கேட்டார்கள். மறைக்கிற பழக்கம் உனக்கு ஏது? கஸ்தூரி அக்காவுக்குக் கொடுத்தேன் என்றாய்.

"குடுத்ததை யாராவது பாத்தாங்களா?" என்றார் அண்ணன்.

நீ என்னைப் பார்த்தாய். கதவோரம் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"நீ கூடப் போனியாம்மா?"

"எனக்குத் தெரியாதுண்ணா. நான் போகல."

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்பா அந்தக் கோயிலில் மணி அடித்து, கூட்டிப் பெருக்கி, கதவு பூட்டுகிறவர். கோயில் வளாகத்தில் அவர்கள் கொடுத்த வீட்டில்தான் இருந்தோம். வீடு போய்விடும் என்று பயந்தேன் என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் யாரும் என்னை மிரட்டவில்லை. அண்ணன் குரலில் அதட்டல்கூட இல்லை. அவர்கள் முகம் என் பக்கம் கறுக்கக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நீ என்னை மறுத்துப் பேசவே இல்லை. எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாய். அதற்குப் பிறகு நீ கோயிலுக்கு வரவில்லை. உன் அம்மா மட்டும் கொஞ்ச நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார். அந்த வெள்ளிக்கிழமை லெந்து ஆராதனையில் வேதபாடம் வாசிக்க என்னைத்தான் நிறுத்தினார்கள். குரல் நடுங்காமல் வாசித்தேன். நன்றாக வாசித்ததாகப் பாராட்டினார்கள்.

பல வருஷம் கழித்துத் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேடையில் உன்னைப் பார்த்தேன். குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை என்றாய். லீவு நாளில் இன்னும் அந்தக் குப்பத்துக்குப் போய்வருவதாகச் சொன்னாய்.

"கஸ்தூரி அக்கா உன்னைக் கேட்டாங்கடி. பாத்திரம் தூக்கிட்டு வந்த பொண்ணு ஏன் வரதே இல்லன்னு."

"நீ என்ன சொன்ன?"

"உனக்கு வேலை ஜாஸ்தின்னு சொல்லிட்டேன்."

பீச் போகிற மின்சார ரயில் வந்துவிட்டது. நீ ஏறிக்கொண்டாய். மன்னிப்புக் கேட்க எனக்கு முழுதாக ஐந்து நிமிடம் இருந்தது. நான் உன் அம்மாவின் சர்க்கரை வியாதியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு வந்த நோய் ஒரு வருஷம்கூடப் பொறுக்கவில்லை. சபைக் கல்லறையில் இடம் கேட்டபோது, ரெஜிஸ்டரில் உன் பேர் இல்லை என்றார்கள். சொன்னவர் அதே அண்ணன்தான். இப்போது மூப்பர். நான் பெண்கள் ஐக்கியத்துச் செயலாளர். அன்று அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நானும்தான் போனேன் என்றேன். "அதெல்லாம் பழைய கதை சிஸ்டர், இப்ப எதுக்கு?" என்றார். அங்கேயே நின்று எனக்காக ஜெபமும் செய்தார். உன்னை ஊர்ப் பொது மயானத்தில்தான் புதைத்தோம்.

குப்பத்திலிருந்து நாலு பெண்கள் வந்திருந்தார்கள். கஸ்தூரி அக்கா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "உங்க கோயிலுக்கு எடம் கீதே, ஏம்மா இங்க கொணாந்தீங்க?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். நான் இல்லையென்று சொன்னதையும் மறைக்கவில்லை. அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே வந்து சொல்லியிருப்பேனே" என்றார்.

அந்தப் பின்னறையில் இருந்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. உனக்குத் தோன்றியிருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்தவரைக் கூட்டி வந்து, ஓர் அடுப்புக்குச் சாட்சியாக எங்கள் முன்னால் நிறுத்த உனக்கு மனம் வந்திருக்காது. நான் இருக்கிறேன், நான் போதும் என்று நினைத்துத்தான் நீ என் பக்கம் பார்த்திருக்கிறாய்.