சேர் கேட்ட கேள்வி

செப்டம்பர் 10, செவ்வாய்

அம்மா தூங்கிவிட்டா. போர்வைக்குள் டோர்ச் வைத்து எழுதுகிறேன்.

கரடியனாற்றிலிருந்து இந்தப் பட்டணத்துக்கு வந்து மூன்று வாரம். தங்கச்சியை வாவிக்கரையில் கல்லூரி என்று பெயர் உள்ள பழைய பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பில் சேர்ப்பதற்காக வந்தோம். பக்கத்தில் ஐந்து வருடம் குடியிருந்தால்தான் இடம் கிடைக்கும். "ஆர் கேட்டாலும் அஞ்சு வருசமா இஞ்சதான் இருக்கம் எண்டு சொல்லு மகள்" என்று அம்மா சொல்லித் தந்திருந்தா.

இன்று வீட்டைப் பார்க்கக் கல்லூரியில் படிப்பிக்கும் ஒரு சேர் வந்தார். அம்மா பத்திரங்கள் எடுக்க உள்ளே போனா. அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, தண்ணி உப்பா?"

"தெரியாது சேர். நாங்க வந்து இன்னும் அள்ளிக் குடிக்கல்ல."

ஐந்து வருடம் இருந்தவள் அப்படிச் சொல்வாளா? அவர் சிரித்தார். பிறகு கொப்பியில் ஏதோ எழுதினார்.

அம்மாவுக்கு இது தெரியாது. "நல்ல மனிசன், ஒண்டும் குடைஞ்சு கேக்கல்ல" என்று பின்னேரம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தா. தங்கச்சியின் வெள்ளைச் சட்டைக்குத் துணி எடுக்க நாளைக்கு விடிய காத்தான்குடிக்குப் போகிறாவாம்.

அவ பஸ் ஏறுவதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும்.