பாஸ்வேர்டு விண்டோவை முதலில் மூடினேன்

10 ஜூன் 2024, திங்கள்

நான் பிளக்கைப் பிடுங்கவில்லை. பிடுங்கியதாகத்தான் கோயில் அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். செயலாளர் அழகுசுந்தரம் கூட்டக் குறிப்பு எழுதும் மினிட்ஸ் புத்தகத்திலேயே எழுதிவிட்டார்: "ஆச்சியின் கவனக்குறைவு."

வெள்ளிக்கிழமை பதினோரு கல்யாணங்களைக் கம்ப்யூட்டர் பதிவேட்டில் ஏற்றினேன். இன்று சிட்டாள் தன் மகனுக்குக் கோயில் மாலை வாங்க வந்தாள். கல்யாணம் ஞாயிறு. பையன் பெயர் இல்லை. பதினொன்றுமே இல்லை. பதிவேட்டில் பெயர் ஏறாமல் மாலை கொடுப்பதில்லை; கோயில் மாலை வராமல் எங்களில் கல்யாணம் இல்லை. அத்தனை பேர் முன்னால் அவள் முகம் சுண்டிப்போயிற்று. மறுபடி ஏற்றித் தருகிறேன் என்றேன். புரோகிராம் எழுதிய விசாலி வரும்வரை யாரும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாதாம்.

11 ஜூன்

அழகுசுந்தரம் வீட்டுக்கு வந்தார். "இந்த வயசுல எதுக்கு ஆச்சி இந்தப் பாடு படுறீக?" அடுத்த திங்கள் முதல் தன் மருமகள் மீனு பதிவேட்டைப் பார்த்துக்கொள்வாளாம்.

என் வீட்டுக்காரர் போன இந்த ஒன்பது வருடத்தில் நான் காலையில் நல்ல சேலை கட்டிக் கிளம்புவது இந்த வேலைக்குத்தான். அதை அழகுசுந்தரத்திடம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

12 ஜூன்

வெள்ளிக்கிழமை கரண்டும் போகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

13 ஜூன்

விசாலி மதுரையிலிருந்து வந்தாள். அவளுக்கும் என்மேல்தான் சந்தேகம். வெள்ளிக்கிழமை செய்ததையே அவள் முன்னால் செய்தேன். ஒரு பெயரை ஏற்றினேன். பிறகு, திரையில் பதிவேட்டுக்குப் பின்னால் நின்ற பாஸ்வேர்டு விண்டோவை மூடினேன். அது போன வாரம் புதிதாகச் சேர்த்தது. பதிவேடும் சேர்ந்து மறைந்தது. வழக்கமாகப் பதிவேட்டை மூடும்போது 'சேமிக்கவா?' என்று கேட்கும். கேட்கவில்லை.

"அத ஏன் ஆச்சி மொதல்ல மூடுனீக?"

"வேலை முடிஞ்சதைத் திறந்து போட்டுட்டுப் போறதுக்கு கான்வென்ட்ல என்னைப் பழக்கலை."

விசாலி தன் புரோகிராமைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தொடங்கும்போது முதலில் திறக்கும் விண்டோவைத்தான் புரோகிராம் தலைமையாக எடுத்துக்கொள்ளுமாம். அதை மூடினால் மொத்தமும் முடிந்துவிடும். தலைமையைப் பதிவேட்டுக்கு மாற்ற அவள் மறந்துவிட்டாள். மற்றவர்கள் பதிவேட்டை முதலில் மூடியதால் தப்பித்திருக்கிறார்கள்.

அரை மணியில் திருத்தினாள். பதினொன்றையும் விண்ணப்பங்களைப் பார்த்து ஏற்றினேன். மூடினேன். 'சேமிக்கவா?' என்று கேட்டது.

14 ஜூன்

சிட்டாள் மாலை வாங்கிப் போனாள்.

15 ஜூன்

அழகுசுந்தரம் வந்தார். "மனசுல வச்சுக்கிறாதீக ஆச்சி. திங்கக்கெழமை எப்பவும் போல வந்துருங்க." காபி கொடுத்தேன். அவர் போனதும் எழுதி அனுப்பியதன் நகல்:

செயலாளர் அவர்களுக்கு,
நேரில் வந்து சொன்னதற்கு நன்றி. என்மேல் சொன்ன குறை மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. திருத்தமும் அதே பக்கத்தில் வர வேண்டும். திங்கள் காலை ஒன்பது மணிக்குச் சேலை மாற்றி வீட்டில் தயாராக இருப்பேன். அதற்குள், திருத்திவிட்டதாக எனக்கு எழுத்தில் பதில் தரவும்.