ஜூரி ‘இல்லை’ என்று சொன்ன குற்றம்

பிப்ரவரி 4, 2019

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடச் சமையலறையில் மாக்கரோனித் தட்டு ஒன்றைக் கைதவறிப் போட்டேன். யாரும் திட்டவில்லை. ஜூரி தீர்ப்பு சொல்லிப் பத்து நாள்தான் ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். என் கணவன் ராய்ஸ் டாக்டர் தனக்குக் கொடுத்த, போதை தரும் முதுகுவலி மாத்திரைகளை இரண்டு தடவை விற்றது குற்றம். ஆமாம், விற்றான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் மாத்திரை வாங்கிய டெல்பர்ட்டின் வீட்டில் துப்பாக்கியால் சுட்டது அவன் இல்லை என்று ஜூரியில் இருந்த பன்னிரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். கடவுளே, அது போதும்.

ஏப்ரல் 9

வக்கீல் ஆபர்னதி போன் செய்தார். “வெர்னா, உக்காந்துக்கோங்க. அரசுத் தரப்புல துப்பாக்கிச் சூட்டையும் சேத்து ஒம்பது வருஷம் கேக்கறாங்க.”

“அதுலதான் விடுதலை ஆயிட்டாரே மேடம்?”

“ஜூரிக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும். தண்டனை போடறப்ப ஜட்ஜுக்கு அவ்வளவு வேண்டாம். ‘நடந்திருக்கும்போல’ன்னு தோணினாலே போதும். சட்டம் இடம் குடுக்குது.”

அதைச் சேர்க்காவிட்டால் ஒன்றரை வருடம்தானாம்.

இல்லைன்னா இல்லைதானே? அப்புறம் எதுக்கு மூணு வாரம் பன்னிரண்டு பேரை உக்கார வச்சாங்க? யார்கிட்டப் போய்க் கேக்கறது நான்?

ஏப்ரல் 14

சிறையில் ராய்ஸைப் பார்த்தேன், கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து. “ஒம்பது வருஷம் உன் சமையல்லேருந்து தப்பிச்சேன்னு நெனச்சுக்கறேன்” என்றான். சிரித்தேன். காருக்குள் வந்த பிறகுதான் அழுதேன்.

மே 2

ஜூரியில் இருந்த ஒருத்தி ஜட்ஜுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள்! பெர்னிஸ் கோவல்ஸ்கி, தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வக்கீல் வாசித்துக் காட்டினார்: ‘சுட்டது அவரா என்ற ஒரு கேள்விக்காக நான்கு நாள் சண்டை போட்டோம். எங்கள் பதில் வேண்டாமென்றால் எங்களை ஏன் அழைத்தீர்கள்?’

யாரென்றே தெரியாத ஒருத்தி. எங்களுக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறாள்.

மே 21

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “சேத்துக்கலாம்னு சட்டம் சொல்லுது. சேத்தே ஆகணும்னு சொல்லலை. பன்னிரண்டு பேர் எல்லாத்தையும் கேட்டுட்டு இல்லைன்னாங்க. அதே சாட்சியை வச்சுக்கிட்டு நான் ஆமான்னு சொல்லப் போறதில்லை. பதினெட்டு மாசம்.”

பதினான்கு மாதம் ஏற்கெனவே உள்ளே கழித்துவிட்டான்! நன்னடத்தைச் சலுகை போக இன்னும் ஒன்றரை மாதம்தானாம்.

வெளியே வந்தால், கோர்ட் நடைக்கூடத்தில் பெர்னிஸ். தனியாக வந்திருந்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

“எனக்கு நன்றி சொல்லாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் மாத்திரை வித்தது குத்தம்னு ஜூரியில சொன்னவங்கள்ல நானும் ஒருத்தி.”

“தெரியும். அதுவும் நிஜந்தானே” என்றேன்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விட மனசு வரவில்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 10

ராய்ஸ் விடுதலையாகி வீட்டுக்கு வந்து நான்கு நாள். மகள் டெஸ்ஸா அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, அவளுக்கும் கோபம் இருக்காதா?

இன்று காலை வேலைக்குக் கிளம்பியவள் வாசலில் நின்றாள். “அப்பா, என்னைக் கொண்டுபோய் விடறீங்களா?”

அவன் எழுந்து பாக்கெட்டைத் தடவினான். கார் சாவி ஒரு வருடத்துக்கு மேலாக என் பையில்தான் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன்.