மூன்றாம் இடத்தில் உன் பெயர்

என் எஸ்தருக்கு,

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் முதலில் உன் பெயரை எழுத வேண்டும். அந்தப் பெயரை ஒருநாள் நான் எடுத்து மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து அதை எழுதவே கை கூசுகிறது.

ஊர்ச் செய்தி சொல்கிறேன். உன் அப்பா, என் பெரியப்பா, கும்மிடிப்பூண்டியில் அதே இரும்பு ரோலிங் மில்லில்தான் இருக்கிறார். உலைப் பக்கம் வேண்டாம் என்று கேட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் திருவள்ளூரில் வாழ்க்கைப்பட்டு, காக்களூரில் ஒரு கம்பெனியில் ரப்பர் வளையங்களைச் சரிபார்க்கிறேன். அங்கே எஸ்தர் என்று ஒரு பெண் இருக்கிறாள். யாராவது அவளைக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கிறேன். "இன்னாக்கா, என்ன கூப்ட்டா நீ ஏன் திரும்புற?" என்று அவளே கேட்டுவிட்டாள்.

ரயில் நிலையத்தில் மைக் கரகரத்தாலும் அப்படித்தான். வரப்போகும் வண்டியைச் சொல்கிறார்களா, உன்னைக் கூப்பிடுகிறார்களா என்று ஒரு நொடி தெரியாது. கால் நின்றுவிடும்.

இதை நம் பொன்னேரிக் கல்லூரி மலருக்கு அனுப்பப் போகிறேன். பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் நம் கல்லூரிக்கு முதன்முதலாகப் பதக்கம் வாங்கித் தந்தவள் என்று வருஷா வருஷம் உன் படம் அதில்தானே வருகிறது. படிக்கிறவர்களுக்கு அன்று நடந்தது தெரிய வேண்டும்.

தேர்வு ஓட்டத்தில் உனக்குப் பின்னால் வந்தேன். எப்போதும் உனக்குப் பின்னால்தானே. பட்டியலில் உன் பெயர் ஏறியது. நான் உன் பையைத் தூக்கிக்கொண்டு துணைக்கு வந்தேன். காலையில் ஒவ்வொரு கல்லூரியும் தன் கொடியோடு அணிவகுத்து வந்தபோது, நகரத்துக் கல்லூரிப் பெண்கள் ஆணி வைத்த ஷூவும் ஒரே நிறச் சீருடையுமாகப் போனார்கள். நம் கொடிக்குப் பின்னால் ஒன்பதே பேர். எல்லார் காலிலும் வெள்ளைக் கான்வாஸ். நீ வரிசையில் நிமிர்ந்துதான் நடந்தாய். உன் கண் மஞ்சளாக இருந்ததை நான் அப்போதே பார்த்தேன்.

அணிவகுப்பு முடிந்ததும் கேலரிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாய். கேலரிப் படிகளுக்கு அடியில் நிழல் பார்த்துத் துண்டை விரித்துப் படுக்க வைத்தேன். பி.டி. சார் மைதானத்தின் அந்தப் பக்கம், நீளம் தாண்டும் பிள்ளைகளோடு இருந்தார்.

"சார் கையில சொல்லிட்டு வரேன்" என்றேன்.

"சொன்னா ஊட்டுக்கு அனுப்பிருவாரு. இத்தினி நாளு ஓடினது வீணாப் பூடும். நீ ஓடுடி" என்றாய்.

"நானா? உன் பேர்லயா?"

"ரெண்டு பேரும் ஒரே ஜாடைதான? எவனுக்குத் தெரியப்போது?"

அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள் நாம். அடையாள அட்டையில் இருந்த படம் நீயாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம். உன் மார்பிலிருந்த எண் துணியைக் கழற்றி என் பனியனில் குத்தினேன். எனக்குப் பயமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது, எஸ்தர். அந்த ஆசையை எப்படி மறைப்பேன்?

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். வாழ்க்கையிலேயே அன்றுதான் அவ்வளவு வேகமாக ஓடினேன். மூன்றாவது இடம். மைக்கில் உன் பெயரைச் சொன்னார்கள். நான் மேடை ஏறினேன். பி.டி. சார் ஓடி வந்து என் முகத்தைப் பார்த்தார். முதுகில் தட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பதக்கத்தை உன் கழுத்தில் மாட்டித்தான் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பெரியம்மா உன் முகத்தைப் பார்த்துப் பதறினார்கள். "ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது, இதோட போய் ஓடினியாடி?" என்றார்கள். நீ சிரித்தாய். நான் வாயைத் திறக்கவில்லை. பதினோரு நாள் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாய். பன்னிரண்டாம் நாள் நீ இல்லை.

"ஓடாம இருந்திருந்தா பொழச்சிருப்பா." ஆறு வருஷமாகப் பெரியம்மா இதைத்தான் சொன்னார்கள். உன் படத்துக்குப் பக்கத்தில் பதக்கத்தோடு வந்த சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதைத் துடைப்பார்கள், அதைப் பார்த்தே அழுவார்கள். உண்மையைச் சொன்னால் ஓடித்தான் செத்தாய் என்ற நினைப்பு போய்விடும், கூடவே உன் பதக்கமும் போய்விடும். சொல்வதா விடுவதா என்று தெரியாமல் நானும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கை வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன்.

இந்த வருஷம் கல்லூரி விளையாட்டு விழாவில் உன் பெயரில் ஒரு கோப்பை கொடுக்க முடிவு செய்து, பெரியம்மாவை அழைக்க வந்தார்கள். "என் பொண்ணக் கொன்ன ஓட்டத்துக்கு என் கையால கப்பு குடுக்கணுமா?" என்று கதவைச் சாத்திவிட்டார்களாம். பெரியப்பா போனில் சொன்னார். அடுத்த நாளே கிளம்பிப் போனேன்.

"பெரிம்மா, அவ அன்னிக்கு ஓடல. நான்தான் ஓடினேன்."

பெரியம்மா புரியாமல் பார்த்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே மில்லில் ஷிப்டு மாறும் சங்கு ஊதி ஓய்ந்தது.

"அப்ப எம்பொண்ணு எங்க இருந்தா?"

"கேலரி அடியில படுத்துக்கினு இருந்தா."

"தனியாவா?"

"ஆமா."

"அவள அப்டி உட்டுட்டு நீ போய் ஓடினியா, ரூபி?"

அந்தக் கேள்விக்குத்தான் ஆறு வருஷம் பயந்து ஒளிந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பெரியம்மா எழுந்து சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றி என் மடியில் வைத்தார்கள். "உன்னுது. எடுத்துக்கினு போ." வாங்கி வந்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். உன் பெயர் போட்ட காகிதத்தை என் வீட்டுச் சுவரில் எப்படி மாட்டுவேன்?

நேற்று பெரியம்மாவே போன் செய்தார்கள். குரலில் கோபம் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "ஞாயித்துக்கெழம வா. அன்னிக்கு அவ இன்னா பேசினா, இன்னா துன்னா, எங்க வலிக்குதுன்னு சொன்னா, ஒண்ணு விடாம சொல்லு. எனக்கு அது ஒண்ணும் தெரியாதே" என்றார்கள்.

போகிறேன், எஸ்தர். பெரியம்மாவிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நீ "ஓடுடி" என்று சொன்னதை மட்டும்தான் சொன்னேன். மைக்கில் கடைசி அழைப்பு வந்து நான் எழுந்தபோது, நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். "போவாத. எனக்கு ஒரு மாதிரி இருக்கு. இங்கயே இரு" என்றாய். மைக் இன்னொரு முறை உன் பெயரைச் சொன்னது. நான் உன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுத்தான் ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தைக் கல்லூரி மலருக்குத் தபாலில் சேர்ப்பேன். இது சத்தியம்.

உன் சித்தி மகள்,
ரூபி