கோட்டில் விழுந்த பந்து

லம்பாங், தாய்லாந்து,
மழை பிடித்துக்கொண்ட ஞாயிறு.

அன்பு மகள் பைதோய்க்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி கோங்கும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்ள ஆசைதான், ஆனால் பாரிஸ் ஆட்டம் முடிந்ததிலிருந்து நீ எங்களோடு பேசவே இல்லை, போன் அடித்தால் எடுப்பதில்லை, கோங்குக்கு மட்டும் "போதும்னு தோணுது, வீட்டுக்கே வந்துடலாம்னு இருக்கேன்" என்று ஒரு வரி அனுப்பியிருக்கிறாய். உன்னோடு டென்னிஸ் இரட்டையர் ஆடுகிற ஜிராப்பா, அவள் அண்ணன் பிக்குவாகிற சடங்குக்கு ஊருக்கு வந்தவள், நாளைக்கு உன்னிடம்தான் திரும்பி வருகிறாளாம். அவள் கையில் இந்தக் கடிதத்தையும் பச்சை மிளகாய் சுட்டு இடித்த விழுது ஒரு டப்பாவும் பன்றித் தோல் வறுவலும் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்கும் பங்கு வை, போன தடவை நீ ஒருத்தியே தின்று தீர்த்துவிட்டாய் என்று என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் டிவி முன்னால்தான் இருந்தோம். அப்பா சவாரியைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தார், பக்கத்து வீட்டு பிரசித் அண்ணனும் அவர் மனைவி லமையும் வந்திருந்தார்கள். இன்னும் ஒரே ஒரு புள்ளி, அது கிடைத்தால் இத்தனை வருஷமாக உனக்கு எட்டாமல் இருந்த பெரிய போட்டிக்குள் நுழைந்துவிடுவாய் என்று கோங் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான், என்னவோ எனக்குத் தெரியாத மாதிரி. அந்த ஸ்லோவாக்கியப் பெண் அடித்த பந்து வெளியே என்று கோட்டு நடுவர் கத்தியதும் அவன் எழுந்து குதித்தான், லமை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீ மட்டும் கையைத் தூக்கவில்லை. மெதுவாக நடந்து போய் செம்மண்ணில் பந்து பதிந்த தடத்தைக் குனிந்து பார்த்தாய். அப்பா டிவியிடம் போய் நின்றுகொண்டு, "பாக்காத, பாக்காதம்மா, போய்க் கை குடுத்துட்டு வா" என்று கத்தினார். நீ நடுவரைக் கூப்பிட்டுக் கோட்டைக் காட்டினாய், அவர் இறங்கி வந்து பார்த்து, உள்ளேதான் என்று தலையாட்டினார். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், எப்படித் தோற்றாய் என்று நான் எழுத வேண்டியதில்லை. லமை சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போய்விட்டாள்.

அப்பா சில நாள் என்னிடம், சோறு போடும்போதெல்லாம், "நடுவரே வெளியேன்னு சொன்னப்புறம் இவளுக்கு என்ன வந்துச்சு, இவளை யாரு கேட்டா" என்று முனகுவார். பிறகு ஒரு நாள் சந்தையில் நம்ம பிரசித் அண்ணன் நாலு பேர் முன்னால், "என்னய்யா தவீ, உன் பொண்ணு கையில வந்த ஆட்டத்தைத் தானம் பண்ணிட்டாளாமே, தானம் பண்ண இங்க நமக்குக் கோயில் இல்லையா" என்று கேலி செய்திருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அப்பாவும் சிரித்துவிட்டு வந்திருப்பார் என்றுதான் நீ நினைப்பாய். இல்லை. வண்டியை நடுச் சந்தையில் அணைத்துவிட்டு இறங்கி, "கோட்டுல விழுந்தா உள்ளதான்யா, அது யார் பந்தா இருந்தா என்ன, எம் பொண்ணுக்கு அது தெரியும், உனக்குத் தெரியாது" என்று சண்டைக்கே போய்விட்டாராம். வண்டியில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடத்து டீச்சர்தான் எனக்குச் சொன்னது. வீட்டுக்கு வந்தவர் அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார், முனகலையும் காணோம். பிரசித் அண்ணன் சாயந்திரம் தானாகவே ஒரு தார் வாழைப்பழத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இன்னொரு விஷயம். மாகாண விளையாட்டுப் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள், பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க உன்னைக் கேட்கிறார்கள், மழைக்காலம் முடிவதற்குள் பதில் வேண்டுமாம். நல்ல வேலை, வீட்டுச் சாப்பாடு, ஊர் ஊராய்ப் பெட்டி தூக்க வேண்டாம். எனக்கு உள்ளூர ஆசை வந்தது, மறைக்கவில்லை. ஆனாலும், "அவ இன்னும் ஆடிட்டிருக்கா, அவளையே கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டேன். அப்பா கேட்டுவிட்டு, "வேலை எங்க போயிடப்போகுது, அவ காலு இப்ப ஓடுற மாதிரி அப்புறம் ஓடுமா" என்றார். நீ யோசித்துக்கொள். உடம்பு ஓய்ந்துவிட்டது, ஆசை தீர்ந்துவிட்டது என்றால் வா, உன் அறையில் கோங் போட்டு வைத்திருக்கிற மோட்டார் சைக்கிள் சாமான்களை ஒரே நாளில் காலி பண்ண வைக்கிறேன், யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஆனால் ஊருக்கு எப்படி முகம் காட்டுவது என்று நினைத்துக்கொண்டு, ஒளிந்துகொள்வதற்காக மட்டும் வராதே. நீ தலைகுனிய ஒன்றும் செய்யவில்லை. நிஜத்தைச் சொன்னால், நீ அந்தத் தடத்தைப் பார்க்காமலே வந்திருந்தால் நான் அன்றைக்கு சந்தோஷமாகத்தான் இருந்திருப்பேன், நான் ஒன்றும் பெரிய மனுஷி இல்லை. ஆனால் உன்னை எனக்குத் தெரியும், நீ சந்தோஷமாக இருந்திருக்க மாட்டாய்.

தோளுக்கு ஐஸ் வைக்க மறக்காதே, வலியை வைத்துக்கொண்டு ஜிராப்பாவிடம் வலியில்லை என்று சொல்லாதே, அவள் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிடுகிறாள். ஆட்டத்தன்று வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. விகாரையில் உன் பேரில் பூ வைத்துவிட்டு வந்தேன், ஜெயிக்க வேண்டும் என்று வேண்டவில்லை, நன்றாகத் தூங்க வேண்டும் என்று வேண்டினேன். புத்தர் உன்னை நோயில்லாமல், பயமில்லாமல் வைத்திருக்கட்டும்.

கடிதம் எழுதுகிறேன், நீங்களும் இரண்டு வரி எழுதுங்கள் என்று அப்பாவிடம் பேனாவை நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டு வந்து, "நீயே எழுது. தடத்தைப் பாத்தது சரி. ஆனா அதுக்கு முந்தின பந்து, கைக்கு வாகா வந்த பந்து, அதை எதுக்கு வலையில அடிச்சா, அதைக் கேளு" என்றார். போனை எடுத்து நீயே அவரிடம் சொல்லிவிடு, காத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா
புவாகேவ்