எலாதியோ என்றொரு சாணி வண்டு

துரியால்பா,
செவ்வாய் மதியம், கடையில் ஈ கூட இல்லாத நேரம்.

அன்புள்ள ஷினியா,

நான் நலம். அதாவது, ஒரு பேக்கரிக்காரன் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு. நீ பெர்லினுக்குப் போனதிலிருந்து மீந்த ரொட்டிக்கெல்லாம் நானே வாடிக்கையாளன். கால்சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக வேலையை விட்டு விலகிக்கொண்டிருக்கின்றன. நீ சாப்பிடுகிறாயா? அந்த அருங்காட்சியகத்தில் வண்டுகளோடு வண்டாக உட்கார்ந்துவிட்டால் உனக்குப் பசி தெரியாது.

எரிமலை மறுபடி தும்முகிறது. கொடியில் கிடந்த உன் மேசை விரிப்பு சாம்பல் நிறமாகிவிட்டது. அது வாங்கும்போதே அந்த நிறம்தான் என்று நீ நம்பினால் நம் இருவருக்கும் நல்லது.

டோன்யா ஓர்தென்சியா தவறாமல் வருகிறார். சுவரில் மாட்டிய வண்டுப் படத்தைப் பார்க்காமல் அவருக்கு ரொட்டி இறங்காது. நேற்று கடை நிறைய ஆள் இருக்கும்போது, "உன் பொண்டாட்டி சாணி உருட்டுற வண்டா பாத்து உன் பேர வச்சாளே, கெட்டிக்காரிடா! அது அங்க உருட்டுது, நீ இங்க மாவு உருட்டுற" என்றார். நானும் விடவில்லை. "இந்த ஊர்ல வேற எவனுக்கு லத்தீன்ல பேரு இருக்கு, காட்டுங்க பாப்போம்" என்றேன். "இருக்கிறவன் ஒருத்தன், அவனும் சாணியில கெடக்கான்" என்று சொல்லிவிட்டு, பெரிய ரொட்டியாகப் பொறுக்கிக்கொண்டு போனார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தொலைபேசியில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன்னோடு ஆய்வு செய்யும் ஃபப்ரீசியோ ஞாயிறன்று வந்தான். காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தவன், "அண்ணே, நான் சொன்னேன்னு அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தான். அப்படி ஆரம்பிக்கும் எதையும் கேட்காமல் இருக்க எனக்குத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். சொல்லிவிட்டான். உன் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய பெட்டியில், ஊசி குத்தி வைத்த என் வண்டு இருக்கிறதாம். நூறு வருடத்துக்கு முன்பே எவனோ ஒரு ஜெர்மன்காரன் அதற்குப் பெயர் வைத்துவிட்டானாம். முதலில் வைத்த பெயர்தான் நிற்குமாமே. "அக்கா இப்ப எழுதுற கட்டுரையில எல்லா வண்டும் இருக்குண்ணே, உங்க வண்ட மட்டும் அக்கா எடுத்துட்டாங்க. நீங்க மனசு ஒடஞ்சிடுவீங்களாம்" என்றான்.

ஒரு பழத்தட்டில் ஈ உட்கார்ந்தால்கூட அது என்ன ஈ என்று சரியாகச் சொல்லாமல் விடாதவள் நீ. உன் சொல்லை நம்பி எத்தனை நாட்டுக்காரர்கள் வண்டு அனுப்புகிறார்கள்! நாளைக்கு வேறொருவன் அந்தப் பெட்டியைத் திறந்து, ஷினியா பார்த்தும் மறைத்தாள் என்று எழுதினால்? அப்போதுதான் என் மனசு உடையும்.

நமக்குப் பிள்ளை பிறக்காது என்று மருத்துவர் கடைசியாகக் கையை விரித்த அந்த வருடம்தான் நீ அந்த வண்டுக்கு என் பெயரை வைத்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஊரெல்லாம் காட்டிக் கூத்தடித்தேன். வேறென்ன செய்வது, எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

விழுந்த பெயரை அழிக்க மாட்டார்களாமே? நிற்கிற பெயருக்குக் கீழே அதையும் என்றைக்கும் எழுதி வைப்பார்களாம். மேலே ஜெர்மன்காரன், கீழே எலாதியோ. இந்த உடம்புக்கு மேல்மாடி ஏறுவதைவிடக் கீழ்வீடுதான் வசதி.

எடுத்ததைத் திரும்பக் கட்டுரையில் சேர்த்துவிடு, கண்ணே. என் பெயரைக் கீழே இறக்குவது முன்பின் தெரியாத எவனோவாக இருக்க வேண்டாம். எழுதியது உன் கை. இறக்கி வைப்பதும் உன் கையாகவே இருக்கட்டும்.

கன்னி மரியாள் உன்னைக் குளிரிலிருந்து காக்கட்டும்.

என்றும் உன்,
எலாதியோ