உருண்டை இல்லாமல் வண்டி நகராது

மெட்டுகுடா, செகந்திராபாத்
22-1-2022

அன்புள்ள மச்சான் இராமச்சந்திரன் அவர்களுக்கு,

ஜெகதீஸ்வரன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை கனகவல்லியும் சுகமாக இருக்கிறோம். கல்யாண வேலைகளுக்கு நடுவே திருச்சியில் நீங்கள் எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் பெண் ரஞ்சனாவின் பத்திரிகை வந்து சேர்ந்தது. வழக்கம்போல மூன்று நாள் பால்கனிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, அதற்குப் பிறகுதான் கனகா பிரித்தாள். காகிதத்தில் கிருமி வந்து ஒட்டிக்கொள்வது அபூர்வம் என்று டாக்டரே சொல்லியாகிவிட்டது. இந்த ஒன்றை மட்டும் அவள் இன்னும் விடவில்லை. பிரித்த பிறகு பெண்ணின் பெயரை விரலால் தடவிக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நான்கு முறை கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் வீட்டிலிருந்து பேசியிருக்க முடியாது. எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் எல்லா ஜன்னலும் எந்நேரமும் திறந்திருக்கும். முன் அறையில் முணுமுணுத்தால் பின் அறைக்குக் கேட்கும். அதனால் சனத்நகர் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கனகாவுக்கு இது தெரியாது.

பத்தாம் தேதி நீங்கள் அவளிடம் பேசியது என் காதிலும் விழுந்தது. ஊரெல்லாம் வெறும் சளிக்காய்ச்சல் என்று சொல்லும்போது நீ மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே என்றீர்கள். நூறு பேருக்குத்தான் அனுமதி, அதில் அத்தைக்கு இடமில்லையா என்றீர்கள். உங்கள் வீட்டில் நலுங்குக்கு முதல் மஞ்சள் பூசுவது அத்தைதான் என்பதை நினைவுபடுத்தினீர்கள். கடைசியில், "நான் கொடுத்ததை வாங்கி வச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் ஃபோனை வைத்துவிட்டீர்கள். அவள் ஃபோனைத் துடைத்து வைத்தாள். பிரஷர் பார்க்கும் நேரம், பார்த்து நோட்டில் எழுதினாள். மற்ற நாளைவிட இருபது கூடுதலாக இருந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். பிறகு யோசித்தேன். 2016-இல் அவளுக்கு அடுத்த ஆபரேஷன் மேஜையில் படுத்து உங்கள் கிட்னியை எடுத்துக் கொடுத்தவர் நீங்கள். அன்று வெளியில் பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவன் நான். உங்கள்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் ஒன்று, மச்சான். அதற்குப் பிறகு நீங்கள் இங்கே வந்தது இரண்டு முறை. இரண்டும் கொரோனாவுக்கு முன்னால். உங்கள் தங்கை இந்த இரண்டு வருடம் எப்படி வாழ்ந்தாள் என்பதை நீங்கள் பார்க்கவில்லை. பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அவள் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் போடும் மாத்திரை உங்களுக்குத் தெரியும். நீங்கள் கொடுத்ததை அவள் உடம்பு அந்நியன் என்று நினைத்து விரட்டாமல் இருக்க, வாசல் காவல்காரனைப் பாதித் தூக்கத்தில் வைத்திருக்கும் மாத்திரை அது. காவல்காரன் தூங்கினால் கண்டவனும் உள்ளே வருவான். மாத்திரையை நிறுத்தினால் அவன் எழுந்துகொள்வான், எழுந்ததும் முதலில் வெளியே தள்ளுவது உங்களுடையதைத்தான். தடுப்பூசி இரண்டும் போட்டாள். ஒரு மாதம் கழித்து ரத்தத்தில் பார்த்தால் எதிர்ப்பு சக்தி பெயருக்குக்கூட இல்லை. ஊசி போட்டதையே மறந்துவிட்டு நடந்துகொள்ளுங்கள் என்றார் டாக்டர். கனகா அழவில்லை. சரி, அப்ப நாமதான் முழிச்சிருக்கணும் என்றாள்.

எப்படி விழித்திருந்தாள் என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். உங்கள் அப்பா பொல்லாரம் பக்கத்தில் ஒற்றைத் தண்டவாள ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்தாரே, அந்தச் சிவப்பு டோக்கன் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? இரண்டு ஸ்டேஷனுக்கும் சேர்த்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு இரும்பு உருண்டைதான் வெளியே வரும். அது கையில் இருக்கும் டிரைவர்தான் வண்டியை எடுக்கலாம், அது இல்லாத நேரத்தில் மாஸ்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வரவே முடியாது. நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தப் பெட்டியின் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவர்கள்.

2020-இல் ஊரடங்கு முடிந்து எனக்குக் கம்பெனி திறந்த அன்று அவள் சொன்னாள், எனக்கு ஒரு உருண்டை கடைந்து கொண்டு வாருங்கள் என்று. லட்டு செய்யச் சொல்கிறாயா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அலுமினியத்தில் லேத்தில் கடைந்து, ஒரு வளையம் வைத்துக் கொடுத்தேன். ஹால் வாசலில் கொக்கி அடித்து மாட்டினாள். முன் அறை எனக்கு, பின் அறை அவளுக்கு. நடுவில் ஹாலும் சமையலறையும்தான் எங்கள் ஒற்றைத் தண்டவாளம். உருண்டையை எடுத்தவர்தான் உள்ளே போகலாம். நான் போய் வந்தால் ஜன்னலை எல்லாம் திறந்து, மேஜை ஃபேனை வெளிப்பக்கம் பார்த்துச் சுழலவிட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும். நான் கம்பெனியில் அளவு சரிபார்ப்பவன், ஒரு மயிரிழை கூடினாலும் சரக்கைத் திருப்பி அனுப்புகிறவன். அந்த என்னையே இருபத்தொன்பதாவது நிமிடத்தில் பிடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

கீழ் போர்ஷன் ஷோபா முதலில் சிரித்தாள். "கைக்கு அக்கா, இவ்வளவு பயம்?" என்று மாடிப்படியிலிருந்தே கேட்பாள். அவர்களும் மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பம்தான், தமிழில் பாதி இந்தி, 'ஏன்' என்பதற்குக் 'கைக்கு' என்பாள், 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்' என்பாள். கனகா அவளை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டு, எட்டடி தள்ளி இரண்டு நாற்காலி போட்டு, காற்றோட்டமாக உட்கார வைத்துப் பேசினாள். இன்றைக்கும் யார் வந்தாலும் அந்த நாற்காலிதான். தான் ஆசையாக வளர்த்த மல்லிகைத் தொட்டிகளை அன்றே ஷோபாவிடம் கொடுத்துவிட்டாள், மண்ணில் இருக்கும் பூஞ்சை தன்னைப்போன்றவர்களுக்கு ஆகாதாம். பூ மட்டும் தினம் மேலே வருகிறது.

போன வருடம் ஏப்ரலில் நடந்ததை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. வெட்கம். அப்போது இங்கே ஆஸ்பத்திரிகளில் படுக்கை கிடைக்காத நேரம். ஆக்சிஜன் சிலிண்டருக்கு வால்வு செய்யும் ஆர்டர் எங்களுக்கு வந்து, மூன்று ஷிப்டும் ஓடியது. ஒரு நாள் காலையில் தாமதமாகிவிட்டது. ஹாலில் நின்றபடியே இரண்டு இட்லியை விழுங்கி, ஜன்னலைக்கூடத் திறக்காமல், உருண்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு லாக்கரில் இருந்த ஃபோனை எடுத்தால் அவளிடமிருந்து இரண்டு அழைப்பு. பையைத் தொட்டுப் பார்த்தேன், உருண்டை இருக்கிறது!

உடனே கூப்பிட்டு, ஹால் காலிதான், நீ வெளியே வந்து சமைத்துச் சாப்பிடு என்றேன். முடியாது என்றாள். ஒன்று உருண்டை வேண்டும், இல்லையென்றால் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும், ஃபோனில் சொன்னதை நம்பி அப்பா ஒரு வண்டியாவது விட்டிருக்கிறாரா என்று கேட்டாள். நான் கத்தினேன். பைத்தியமா உனக்கு என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் நிதானமாக, இன்னிக்கு ஒரு நல்ல காரணத்துக்காக மீறினா, நாளைக்கு இதைவிட நல்ல காரணம் ஒண்ணு வரும் என்றாள். எட்டு மணி மாத்திரை அவள் அறையிலேயே இருந்தது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு, நான் சாயங்காலம் வரும்வரை அந்த அறையிலேயே இருந்தாள்.

மறுநாள் விடியும்போது எனக்கு நூற்று இரண்டு டிகிரி காய்ச்சல். சோதித்தால் கொரோனா. அதாவது முந்தின நாள் காலை நான் இருமிக்கொண்டே இட்லி தின்ற, காற்றுப் போக வழியில்லாத அந்த ஹாலுக்குத்தான் அவளை வரச்சொல்லி ஃபோனில் கத்தியிருக்கிறேன். வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு இரண்டு முறை சோதித்தார்கள், இரண்டு முறையும் இல்லை என்று வந்தது. நான் சைனிக்புரியில் நண்பர் வீட்டு மாடி அறையில் பதினேழு நாள் கிடந்தேன். அந்தப் பதினேழு நாளும் அவள் தனியாக இருந்தாள். ஷோபா பால் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் எனக்கு ஃபோன் செய்து, "ஹவ் அண்ணா, அக்கா சொன்னதுதான் சரி" என்றாள்.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. கிட்னி மாற்றிய ஒரு கரீம்நகர் பெண், புருஷனுக்குக் கொரோனா, ஒரே அறை வீடு, என்ன செய்வது என்று அழுதுகொண்டே இவளைக் கூப்பிட்டாளாம். ஆஸ்பத்திரியில் யாரோ நம்பர் கொடுத்திருக்கிறார்கள். எந்த ஜன்னலைத் திறக்க வேண்டும், கட்டிலை எங்கே நகர்த்த வேண்டும், முகக்கவசத்தை எப்போது மாற்ற வேண்டும் என்று கனகா தெலுங்கில் ஒரு மணி நேரம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். இப்போது தினம் நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை இவளுக்கு ஃபோன் ஓயாது. நிஜாமாபாத், வாரங்கல், எங்கெங்கிருந்தோ. பச்சைக் காய்கறி சாலட் வேண்டாம், தயிர் வீட்டிலேயே உறை ஊற்றுங்கள், ரத்தப் பரிசோதனைக்கு முதல் ஆளாகப் போய் வெளியே நில்லுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். நடுவில் சிரிப்புச் சத்தமும் கேட்கும். பயந்துபோனவளின் குரல் அப்படி இருக்காது. கல்யாணம் ஆகி இருபத்தாறு வருடம் கழித்து என் மனைவியை நினைத்து நான் பெருமைப்படுகிறேன், இதை அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உங்களிடம் எழுதுகிறேன்.

இவ்வளவும் எழுதியது அவள் ஏன் கல்யாணத்துக்கு வரவில்லை என்று சொல்வதற்கு அல்ல. அவள் வரப்போகிறாள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாம்பழ நிறப் பட்டுப்புடவையை எடுத்து இஸ்திரி போட்டாள். பிப்ரவரி ஒன்பதாம் தேதிக்கு இரண்டு டிக்கெட் எடுக்கச் சொன்னாள். நலுங்குக்கு விரலி மஞ்சளை அவளே இடித்துச் சலித்து டப்பாவில் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டாள். ஒரு ராத்திரி ரயிலில் மூடிய பெட்டி, பிறகு மண்டபம், சாப்பாட்டுப் பந்தி, கட்டிப்பிடிக்க வரும் சொந்தக்காரர்கள், இதெல்லாம் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? ஊருக்கே சொல்லிக்கொடுப்பவள் அவள். நான் கேட்டேன். ஆறு வருஷமா எதையும் மீறலை, அண்ணாவுக்காக ஒரு தடவை என்றாள். உன் டாக்டர் என்ன சொல்வார் என்றேன். பெட்டியை மூடி ஓரமாக நகர்த்தினாள். இங்கே எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீட்டில் காய்ச்சல். மற்றவர்களுக்கு நான்கு நாளில் போய்விடுவது, அவளைப் போன்ற இரண்டு பேரை இந்த மாதம் கொண்டுபோய்விட்டது. அவர்கள் அவளுக்கு நான்கு மணிக்கு ஃபோன் செய்துகொண்டிருந்தவர்கள்.

நான் தடுத்தால் கேட்கமாட்டாள், மச்சான். நான் தடுப்பது என் சுயநலம் என்று அவளுக்கே தெரியும். உண்மைதான், அவள் இல்லாமல் எனக்கு ஒரு வேளை ஓடாது. நீங்கள் பாதியில் நிறுத்திய அந்த வாக்கியத்தை அவள் தினமும் மனதுக்குள் முடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதை நிறுத்த உங்களால் மட்டும்தான் முடியும். வாங்கி வைத்துக்கொண்டதை அவள் எப்படி வைத்திருக்கிறாள் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன். போன வாரம் ரத்தப் பரிசோதனையில், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஒன்றுதான். கொடுத்தவரான உங்களுக்கே அவ்வளவு சுத்தமாக இருக்குமா என்று தெரியவில்லை, நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பார்சலில் இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று, அவள் பெட்டியிலிருந்து எடுத்த மஞ்சளில் பாதி. திருட்டுதான். முதல் மஞ்சளை அத்தைக்குப் பதில் நீங்களே ரஞ்சனாவின் கன்னத்தில் பூசுங்கள். அப்பா பூசும் வழக்கம் இல்லை என்று யாராவது சொன்னால், பாதி அத்தை நான்தான் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, எங்கள் வீட்டு உருண்டை. ஒரு முறை மறந்து எடுத்துக்கொண்டு போனேன், அவள் பிழைத்தாள். இந்த முறை தெரிந்தே எடுத்து அனுப்புகிறேன். மெருகு போட எடுத்துப்போகிறேன் என்று அவளிடம் பொய் சொல்லியிருக்கிறேன். உருண்டை திரும்பி வரும்வரை சமையலறைக்குக் கையெழுத்துப் போட்ட சீட்டில் காலம் தள்ளுவோம், அதற்கு விதியில் இடம் உண்டு. திருச்சிக்குச் சீட்டு கேட்டால் மட்டும் கையெழுத்துப் போடமாட்டேன்.

குழந்தை ரஞ்சனா தீர்க்கசுமங்கலியாக, நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் வாழ வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் கிழக்கே திருச்சியைப் பார்த்து... திருச்சி தெற்கே அல்லவா, மன்னியுங்கள். எந்தப் பக்கம் என்றால் என்ன, ஆசீர்வதிக்கிறோம். கல்யாணம் முடிந்து காய்ச்சல் காலம் தணிந்ததும் மாப்பிள்ளை பெண்ணோடு வாருங்கள். மொட்டைமாடியில் இன்னும் மூன்று நாற்காலி போட்டு வைக்கிறேன். உருண்டையை அப்போது உங்கள் கையாலேயே கொண்டுவந்து கொக்கியில் மாட்டுங்கள்.

பார்சல் கிடைத்ததும் அவளைக் கூப்பிடுங்கள், மச்சான். மன்னிப்பு, சமாதானம் எதுவும் வேண்டாம். "கனகு, உருண்டை என்கிட்ட இருக்கு" என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜெகதீஸ்வரன்